மூன்றில் ஒன்று வேறு

குளிர்ந்த பீர் பொய் சொல்லும் என்பதை எழிலுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. வந்தவுடனேயே புட்டிகளைப் பனிப்பையிலிருந்து எடுத்து அடுக்களை மேடையில் வைத்துவிட்டாள். அவற்றின் மேல் பூத்த வியர்வை இந்நேரம் காய்ந்திருக்கும். விற்பவன் பல் கூசும் அளவுக்குக் குளிரவைத்துத்தான் கொடுப்பான், ஏனென்றால் மரத்துப்போன நாக்கு எந்தக் குற்றத்தையும் கண்டுபிடிக்காது. சோதிப்பவள் அதை மண்பானைத் தண்ணீரின் குளிர்ச்சிக்கு வரவிட்டு, அது தன் குற்றங்களைத் தானே சொல்லத் தொடங்கும் வரை காத்திருக்க வேண்டும். அதற்கு முற்பகல்தான் ஏற்ற நேரம், காலை உணவு செரித்திருக்க வேண்டும், மதியப் பசி தலைகாட்டியிருக்கக் கூடாது, காபி கூடாது, வாசனைச் சோப்பு கூடாது, தலையில் பூ கூடாது. இத்தனையும் நான் வகுத்த விதிகள். ஊருக்கு வெளியே இருந்த அந்த பீர் ஆலையில், சுவைக்கூடத்தின் பொறுப்பு என்னிடம் இருந்த காலம் முழுவதும் ஒருவரையும் இவற்றிலிருந்து நான் விலக்கியதில்லை, என்னையும் விலக்கிக்கொண்டதில்லை. இப்போது என் அக்காள் மகள் அதே விதிகளை என் சாப்பாட்டு மேசையின் மேல் ஒவ்வொன்றாகப் பரப்புகிறாள்: நான்கு கண்ணாடிக் குவளைகள், வாசனை தப்பிவிடாதபடி ஒவ்வொன்றின் மேலும் ஒரு சிறு தட்டு, நடுவில் வெறும் ரொட்டித் துண்டுகள், செம்பில் தண்ணீர். இந்தப் புதுச்சேரியில் அவள் சொந்தமாக ஒரு சிறிய பீர்க்கூடம் நடத்துகிறாள். இதுவரை கோதுமை பீர் மட்டுமே வடித்தாள், இது அவளுடைய முதல் லாகர், குளிரில் பல நாள் பொறுத்திருந்து வடிக்கும் தெளிந்த வகை. "நாலுல ஒண்ணு நம்மளது சித்தி, மத்த மூணும் கடைச் சரக்கு. எது எதுன்னு நான் சொல்ல மாட்டேன், நீங்கதான் சொல்லணும்" என்று சிரித்தாள்; சிரித்து முடிக்கும் முன்பே என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, ஏற்கெனவே நேராக இருந்த தட்டை நேராக்கினாள். நான் நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டேன், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன், செய்யவேண்டியதையெல்லாம் செய்தேன். எனக்கு வாசனை தெரியாது. கார்த்திகை மழையிலிருந்தே தெரியாது. இந்த வீட்டில் அதை அறிந்தவர் யாரும் இல்லை, இந்த வீட்டில் என்னைத் தவிர யாரும் இல்லை.

கார்த்திகையில் ஒரு காய்ச்சல் வந்தது உண்மை. வாசனை அதற்கு முன்பே போய்விட்டதா, அதனால்தான் போயிற்றா என்பதுதான் தெரியவில்லை, அந்த ஒரு கேள்வியைச் செக்கு மாடு போல நான் சுற்றிச் சுற்றி வருகிறேன். ஒருநாள் காலையில் காபி வெறும் சூடான கசப்பாக இருந்தது. கடைக்குப் போய், பழைய தூளை என் தலையில் கட்டிவிட்டீர்களா என்று கண்டித்தேன். பாவம், அந்த மனிதர் என் கண்ணெதிரிலேயே புதிதாக அரைத்து, பொட்டலத்தை என் மூக்கருகே நீட்டி, "இப்ப பாருங்கம்மா" என்றார், நான் முகர்ந்து பார்த்து, "இது பரவாயில்லை" என்றேன். அதுதான் முதல் பொய். வீட்டுக்கு வந்து பெருங்காய டப்பாவைத் திறந்தேன், அந்துருண்டையை எடுத்தேன், சாம்பிராணி புகைத்தேன், தீக்குச்சி கிழித்து அணைத்தேன். யூகலிப்டஸ் தைலம் மட்டும் குத்தியது. அது வாசனை இல்லை, எரிச்சல், அதன் செய்தி வேறொரு நரம்பின் வழியாகப் போகிறது என்று, புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்குச் சொல்வது போல எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாசனை போவதற்குக் காரணங்கள் பல உண்டு, சளி, காய்ச்சல், மூக்கினுள் வளரும் சதை, வயது, இவற்றில் எதுவும் அழுவதற்குரியது இல்லை. இன்னொரு காரணமும் உண்டு. கோமளா அக்காவுக்கு இப்படித்தான் தொடங்கிற்று. அவள் வீட்டு அலமாரிக்குப் பின்னால் எலி செத்துக் கிடந்தது, படியேறும்போதே நாற்றம் தாங்காமல் நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன். உள்ளே போனால், அக்கா அதே அலமாரியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கிறாள். "வா ஞானம், என்னடி மூக்கைப் பொத்திக்கிட்டு வர்ற, இது என்ன உன் பீர் ஃபேக்டரியா?" என்றாள், நான் சிரித்தேன், அவளும் சிரித்தாள், எலியும் அங்கேயே இருந்தது. பிறகு ரசத்தில் பெருங்காயம் காணாமற்போனது, பிறகு கைப்பிடி அளவு விழுந்தது. பிறகு சொற்கள் போயின. கரண்டி 'அது' ஆயிற்று, சாவி 'அது' ஆயிற்று, கடைசியில் பெற்ற மகள் 'டீச்சர்' ஆனாள். எழில் அதற்கு மறுப்புச் சொல்லி நான் கேட்டதில்லை. எலிக்கும் டீச்சருக்கும் இடையில் எத்தனை காலம் இருந்தது என்று கணக்கிட நான் முனைவதில்லை, முனையாமலே அது இரவெல்லாம் தன்னைத் தானே கணக்கிட்டுக்கொள்கிறது. மருத்துவரிடம் போகவில்லை. போனால் ஒரு விடை கிடைக்கும்.

முதல் குவளை. தட்டை விலக்கி, முயல் மோப்பம் பிடிப்பது போலச் சிறு சிறு மூச்சாக இழுக்க வேண்டும், ஆழ்ந்து இழுத்தால் மூக்கு களைத்துவிடும், அதைச் சரியாகவே செய்கிறேன், உள்ளே ஒன்றுமில்லை. ஆளில்லாத வீட்டில் சன்னல் வழியே எட்டிப் பார்ப்பது போலிருக்கிறது, நாற்காலிகள் இருந்த இடம்கூட நினைவிருக்கிறது. ஆனால் நாக்கு இருக்கிறது, அது என்னைக் கைவிடவில்லை: பீருக்கு மெலிந்த உடம்பு, ஊசி போன்ற வாயு, கசப்பு வந்த வேகத்தில் திரும்பிப் போய்விடுகிறது, விழுங்கிய பின் வாய் கழுவி விட்டது போலக் காலி. "அரிசி சேர்த்தது. வெயிலுக்கு நல்லது, மறதிக்கும் நல்லது" என்றேன், சொன்ன பிறகு அந்தச் சொல் ஏன் வந்தது என்று திடுக்கிட்டேன், அவளும் ரொட்டித் தட்டைப் பார்த்தாள். இரண்டாவதில் நுரை குவளையின் உட்சுவரில் பின்னல் பின்னலாக ஒட்டி இறங்குகிறது. கசப்பு மெல்ல ஏறி, வேப்பம்பூப் பச்சடி சாப்பிட்டதைப் போல அடிநாக்கில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுக்கிறது. இப்படி ஒட்டும் நுரைக்கும் இப்படி உட்காரும் கசப்புக்கும் பின்னால், பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவைத் தாராளமாகப் போட்டிருப்பார்கள் என்று கண்ணும் நாக்கும் சொல்லின, மிச்சத்தை நான் இட்டுக்கட்டினேன்: "அறுத்த புல் வாசனை அழகா இருக்கு. ஜெர்மானிய வழி." அவள் கண்கள் ஒரு கணம் விரிந்தன. இந்தக் கசப்பை அறிய வேண்டுமென்றால் பீரை விழுங்கத்தான் வேண்டும், ஒயினைப் போலத் துப்பினால் பாதி உண்மைதான் தெரியும் என்பதை அக்காவுக்கு விளக்கியபோது அவள் நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். "விழுங்கிட்டா வர்ற? எம்.எஸ்ஸி. படிச்ச பொண்ணு, குடிக்கிறதுக்குச் சம்பளம்! அப்பா இருந்திருந்தா இதைக் கேட்டே போயிருப்பாரு." எனக்கு மாப்பிள்ளை பார்த்த நாட்களில் உறவினரிடமெல்லாம் நான் மருந்துக் கம்பெனியில் இருப்பதாகவே அவள் சொல்லிவைத்திருந்தாள். யாரோ ஒரு பெரியம்மா, இருமல் மருந்து இரண்டு புட்டி கிடைக்குமா என்று கேட்டாராம். "கிடைக்கும், ஆனா இருமல் நிக்காது, பாட்டு வரும்" என்றாளாம் அக்கா. வரன்கள் வந்தன, போயின, நான் பூ வைத்துக்கொள்ளாத பெண் என்பது அவர்களுக்கு ஒரு குறையாகப் பட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அக்கா என்னை முன்னே உட்காரவைத்து, "இன்னிக்கு உன் மூக்குக்கு லீவு" என்று மல்லிகைச் சரத்தை வைத்துவிடுவாள், திங்கட்கிழமை காலை நான் சிகைக்காய்கூட இல்லாமல் வெறும் தண்ணீரில் தலையை அலசிவிட்டுப் போவேன். மூன்றாவது குவளை, தேன்பாகு போல நுனிநாக்கில் இனிப்பு, கசப்பு என்று சொல்ல ஒன்றுமில்லை, தொண்டையில் இறங்கும்போது சூடு. இங்கே லாரி லாரியாக விற்கும் ஸ்ட்ராங் வகை, போதைக்காக மட்டும் வாங்கப்படுவது, அதில் முகர்ந்து பார்ப்பதற்கு எந்தக் காலத்திலும் அதிகமாக ஒன்றும் இருந்ததில்லை. நான்காவதைக் கையில் எடுத்தபோது எழில் மூச்சுவிடுவதை நிறுத்திவிட்டாள். குடிப்பதற்கு முன்பே இது அவளுடையது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பீரைச் சோதிக்க வேண்டிய நான் ஒரு பெண்ணின் மூச்சைச் சோதித்துக்கொண்டிருக்கிறேன், என் சுவைக்கூடத்தில் யாராவது இப்படிப் பக்கத்திலிருப்பவர் முகத்தைப் பார்த்து விடை சொன்னால் வெளியே அனுப்பியிருப்பேன். இருந்தாலும் குடித்தேன், அது நன்றாகவே இருந்தது, இனிப்பும் கசப்பும் ஒன்றின் தோளில் ஒன்று கைபோட்டு நின்றன, முடிவு சுத்தம். "இதுதான் உன்னது" என்றேன். "எந்தக் கடைக்கும் பயப்பட வேண்டாம்."

அவள் துள்ளியிருக்க வேண்டும். "நாலும் கரெக்ட் சித்தி" என்றாளே தவிரத் துள்ளவில்லை. தோற்றவளைப் போலவும் இல்லை, ஜெயித்தவளைப் போலவும் இல்லை, பாதிக் கணக்கில் நிற்பவளைப் போல விரல் நகத்தைப் பார்த்தாள். பிறகு, "இன்னும் ஒண்ணே ஒண்ணு. முக்கோணம் வெச்சுப் பாத்துடலாமா?" என்றாள். முக்கோணச் சோதனை என்பது ஆலையில் நாங்கள் அன்றாடம் செய்தது. மூன்று குவளைகள், இரண்டில் ஒரே பீர், ஒன்று மட்டும் வேறு, எது வேறு என்று சொல்ல வேண்டும், ஏன் வேறு என்றும் சொல்ல வேண்டும், தெரியவில்லை என்று மட்டும் சொல்லக் கூடாது. கணக்குப் பிரிவிலிருந்து சுவைக்க வரும் ஒருவர், நல்ல மூக்குக்காரர், ஒருநாள் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தபடி, "மேடம், ஜலதோஷம், இன்னிக்கு மட்டும் தெரியலன்னு போட்டுக்கட்டுமா?" என்று கெஞ்சினார், "தெரியலன்னு ஒரு விடை இங்கே கிடையாது சார், ஊகித்துச் சொல்லுங்கள்" என்றேன். ஊகித்தார், தவறாக. எழில் அடுக்களைக்குள் போய்க் கதவை ஒருக்களித்துக்கொண்டாள். கண்ணாடியோடு கண்ணாடி தொடும் ஓசை. புட்டி மூடி திறக்கும் சிறு சீறல். பிறகு ஒரு கரண்டி குவளைக்குள் சுற்றும் ஓசை, மெல்ல, இரண்டு மூன்று சுற்று. நான் அடுத்த கரண்டி ஓசைக்காகக் காத்திருந்தேன், அது வரவில்லை. ஒரு குவளையில் எதையாவது கலந்தால் மற்ற இரண்டையும் அதே போலக் கரண்டியால் கலக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் கலக்கியதில் வாயு குறைந்து நாக்குக்குக் காட்டிக்கொடுத்துவிடும், அவள் பாவாடை சட்டை போட்ட வயதில் ஆலைக்கு வந்து என் முழங்காலருகே நின்று பார்த்த பாடம் அது. எதையோ கலக்கிறாள். தன் பீரைப் பற்றிக் கேட்க வந்தவள் அதில் எதற்குக் கலக்க வேண்டும்? அப்போதுதான் போன முறை அவள் வந்த நாள் கண்முன் வந்து நின்றது, அது எங்கும் போயிருக்கவில்லை, நான்தான் பார்க்க மறுத்திருந்தேன்: வாசலில் செருப்பைக் கழற்றாமலே அவள் அடுக்களைக்கு ஓடினாள், கேஸ் அடுப்பின் திருகைச் சட்டென்று மூடினாள், சன்னல் இரண்டையும் தள்ளித் திறந்தாள், திரும்பி வந்து, "ரொம்பப் புழுக்கமா இருக்கு சித்தி" என்றாள். நான் கூடத்தில் உட்கார்ந்து குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். அலமாரியில் சாய்ந்து செய்தித்தாள் படித்தாள் அக்கா. நான் கேட்கவில்லை, எழிலும் சொல்லவில்லை, போகும்போது வாசலில் நின்று என் கையை ஏனோ நெடுநேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆக, இன்று சோதனைக்கு வந்திருப்பது அந்த லாகர் இல்லை.

மூன்று குவளைகள் என் முன் முக்கோணமாக நிற்கின்றன, அவள் எதிரே உட்காராமல் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். முகர்கிறேன். இடது, நடு, வலது. மூன்றும் ஒரே மௌனம். குடிக்கிறேன், இடதில் வாயு நாக்கைக் கிள்ளுகிறது, வலதிலும் கிள்ளுகிறது, நடுவில் இருப்பது மட்டும் சற்றே சோம்பி, விரல் படாத கன்னம் போலக் கிடக்கிறது. நடுதான். மற்ற இரண்டையும் கலக்க இவள் மறந்துவிட்டாளா, எனக்காகவே ஒரு கதவைத் தாழிடாமல் வைத்தாளா? எதுவானாலும் நான் நுழைந்துவிடலாம். எது வேறு என்று தெரிந்துவிட்டது, ஏன் வேறு என்பதற்கு ஒரு சொல் வேண்டும், அவ்வளவுதான், அவசரமாக வடித்த லாகரில் வரும் குற்றங்களில் மிகுதியாக வருவது வெண்ணெய் வாடை, பழகாதவர்கள் ஈஸ்ட் தன் வேலையை முடிக்கும் முன்பே அதைப் பிரித்துவிடுவார்கள், சோதனைக்குக் கலப்பவர்களும் பெரும்பாலும் அதைத்தான் கலப்பார்கள். பொய்யைவிட உண்மைக்கு எத்தனை நேரம் கூடுதலாகப் பிடிக்கும் என்று யோசித்தேன். உண்மையைச் சொன்னால் இந்த நாற்காலியின் முதுகிலிருந்து அவள் கை எடுக்கப்படும், மருத்துவமனை வராந்தா வரும், மறதியைச் சோதிக்கத் தாளில் கடிகாரம் வரையச் சொல்லும் இளம் மருத்துவர் வருவார், அக்கா வரைந்த கடிகாரத்தில் எல்லா எண்களும் ஒரு பக்கமாகக் குவிந்திருந்தன, குளிருக்கு ஒதுங்கிய கோழிக்குஞ்சுகள் மாதிரி. ஜெர்மனியில் பீர் வடிக்கும் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு விமானம் ஏறி வந்தவள் இவள், என்னைப் பார்த்துத்தான் அந்தப் படிப்புக்கே போனாள், வந்தவள் அம்மாவுக்குச் சோறூட்டினாள், முடிவெட்டினாள், கழிவறைக் கதவுக்கு வெளியே பாட்டுப் பாடிக்கொண்டு நின்றாள், எல்லாம் முடிந்து இப்போதுதான் தன் பெயர் எழுதிய ஒரு பலகையைப் பீர்க்கூடத்தின் வாசலில் மாட்டியிருக்கிறாள். அந்தப் பலகையின் பெயிண்ட் வாசனைகூடப் போயிருக்காது. போயிருக்காது என்றுதான் நினைக்கிறேன், எனக்கு எப்படித் தெரியும். இன்னொருமுறை இவளை அந்தக் கதவுக்கு வெளியே நிற்கவைப்பதா? நான் முதுகை நிமிர்த்திக்கொண்டு, என் பழைய குரலைத் தேடி எடுத்து, "நடுவில இருக்கிறதுதான் வேறு" என்றேன். "வெண்ணெய் வாடை. ஈஸ்டை அவசரப்பட்டுப் பிரிச்சிருக்க, இன்னும் கொஞ்ச நாள் விட்டிருக்கணும்." எழில் என்னைப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் தலையாட்டினாள், மோவாய் கீழே வந்து, ஒரு கணம் தங்கி, மேலே போயிற்று, கண்கள் என் கண்களைத் தொடாமல் நெற்றியில் நின்றன. "ஆமா சித்தி" என்றாள். "வெண்ணெய்தான்."

தப்பித்துவிட்டேன். ரொட்டித் துண்டைக் கடித்தேன், அது பஞ்சு போலிருந்தது, எல்லாமே சில மாதங்களாகப் பஞ்சு போலத்தான் இருக்கிறது, ஆனால் தப்பித்துவிட்டேன் என்று நெஞ்சு ஒருமுறை தளர்ந்து அடங்கியது. அடங்கிய இடத்தில் ஏதோ முள் போலச் சிக்கியது. அந்தத் தலையசைப்பு. அதை எங்கே பார்த்திருக்கிறேன்? சரியான விடை சொன்ன ஒருவரைப் பார்த்துத் தலையாட்டும்போது மோவாய் அப்படித் தங்காது, சட்டென்று போய்ச் சட்டென்று வரும். இது வேறு, இதில் ஒரு பணிவு இருந்தது, குழந்தை வைத்த மண்சோற்றை வாங்கித் தின்பது போல ஒரு பாவனை இருந்தது, நான் அதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன், ஏதோ ஒரு கட்டிலின் அருகே, என்று நினைவின் நூலை இழுத்துக்கொண்டிருக்கும்போதே வாசல் மணி அடித்தது. எதிர்வீட்டு துரைக்கண்ணு சார். மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர், ஆண்டு தவறாமல் பழனிக்கு நடந்து போகிறவர், என் செய்தித்தாளைப் பதினோரு மணிக்கு மேல் வாங்கிக்கொண்டுபோய் வாசிப்பவர். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஓர் அடி வைத்தவர் அப்படியே நின்றார், கண்ணை மூடி மார்பு நிறைய மூச்சை இழுத்தார். "அடடா, முருகா! பஞ்சாமிர்தமா? பழனிக்கு யார் மேடம் போய்ட்டு வந்தது? எதிர்வீட்டுக்காரன் கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று சொல்லிக்கொண்டே, இடது உள்ளங்கையின் மேல் வலது உள்ளங்கையைக் குழித்து வைத்துப் பிரசாதத்துக்காக என் முன் நீட்டினார். எழில், "இல்ல சார், அது வந்து..." என்றாள். "என்னம்மா இல்லங்கறே, விருப்பாச்சி வாழைப்பழம், படியேறும்போதே மூக்கைத் துளைக்குது. பழம் நல்லாக் கனிஞ்சாத்தான் இந்த வாசனை வரும்." குழித்த கை அப்படியே இருந்தது. நான் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் ரேகைகளையும், பெருவிரலில் ஒட்டியிருந்த திருநீற்றையும், அது காத்திருந்த பொறுமையையும். "பஞ்சாமிர்தம் இல்லை சார்" என்று என் குரல் சொல்லிற்று, "பீர்." கை ஒரு நொடியில் வேட்டி மடிப்புக்குள் ஒளிந்துகொண்டது. அவர் மேசையைப் பார்த்தார், குவளைகளைப் பார்த்தார், முதல் தடவையாகப் பார்ப்பவர் போலத் தலைநரைத்த என்னைப் பார்த்தார். "பீருலயா? அதுல வாழைப்பழம்லாம் போடுவாங்களா மேடம்?" "லாகரில் அந்த வாசனை வரக் கூடாது" என்றேன், "வந்தால் குற்றம்." "அப்ப சரி" என்றார் அவர், எது சரி என்று அவருக்கே தெரியாமல். செய்தித்தாளை விரல் நுனியில் எடுத்துக்கொண்டு, வாசல்வரை போனவர், ஆசை அடங்காமல் மறுபடி ஒருமுறை மூச்சை இழுத்துவிட்டுத்தான் போனார்.

மின்விசிறி சுற்றுகிறது. அதன் காற்றில் அந்த வாசனை இப்போது வீடு முழுவதும் போய்க்கொண்டிருக்கும், திரைச்சீலைக்கு, அக்காவின் படத்துக்கு, என் புடவைத் தலைப்புக்கு, என்னைச் சுற்றி எல்லாவற்றுக்கும் போய்ச் சேர்ந்திருக்கும், என்னிடம் மட்டும் வராமல் என்னைத் தாண்டிப் போகும். நடுக் குவளையின் மேல் தட்டை எடுத்து மூடினேன், பழக்கம். "வாழைப்பழம்" என்றேன். எழில் நாற்காலியில் உட்கார்ந்தாள், விழுந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். "மூக்கைப் பழக்கறதுக்குன்னு விக்கிற எசன்ஸ் சித்தி. சில சொட்டுப் போதும்னு போட்டிருக்கு. நான் பாதிப் புட்டியைக் கவுத்துட்டேன்" என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "உங்களுக்குத் தெரிஞ்சுடணும்னு. எப்படியாவது தெரிஞ்சுடணும்னு." நான் அவள் முகத்தைப் பார்த்தேன், அந்த மோவாயைப் பார்த்தேன், நூல் அறாமல் கையோடு வந்துவிட்டது. அக்காவின் கட்டில். சன்னலோரம் சாய்த்து உட்காரவைத்த அக்கா, 'டீச்சர், பள்ளிக்கூடம் விட்டாச்சா?' என்கிறாள், எழில் போர்வையைச் சரிசெய்துகொண்டே, மோவாயைத் தாழ்த்தி, ஒரு கணம் தங்கவிட்டு, 'ஆமாம்மா, விட்டாச்சு' என்கிறாள். அதே பணிவு, அதே நெற்றியில் நிற்கும் கண். ஒரு குவளை தப்பாகப் போனதற்குள் நான் அந்தக் கட்டிலுக்குப் போய்விட்டேனா? "உங்க அம்மா உன்னை டீச்சர்னு கூப்பிட்டப்ப நீ இப்படித்தான் தலையாட்டின" என்றேன். அவள் நிமிர்ந்தாள். "வேற என்ன சித்தி செய்யச் சொல்றீங்க? இல்லம்மா, நான் எழில்னு ஒருதரம் சொன்னேன். அவங்க பயந்து சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டாங்க. அதுக்கப்புறம் சொல்லல." "நானும் பயப்படுவேன்" என்றேன். "பரவாயில்லை. என்னிடம் தலையாட்டாதே." பிறகு, இதுவரை யாருக்கும் நான் அனுமதிக்காத அந்த விடையை, நாக்கு பழகாததால் இடறி இடறி, நானே சொன்னேன்: "எனக்குத் தெரியல எழில். எந்த வாசனையும் தெரியல. கார்த்திகையிலிருந்து." அவள் மேசையைச் சுற்றி வந்து என் பக்கத்தில் நின்றாள், தொடவில்லை, நான் தொடவிடமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். "நாளைக்குப் போலாம் சித்தி. அது காய்ச்சலாவும் இருக்கலாம்" என்றாள். "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், போவோம்" என்றேன். "முதலில் இதைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றி வை. மூன்றையும் கலக்கு. ஒன்றுக்குச் செய்வதை மூன்றுக்கும் செய்ய வேண்டும், எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்." அவள் சிரிக்கவும் அழவும் ஒரே நேரத்தில் முயன்று இரண்டும் வராமல் உள்ளே போனாள். கண்ணாடியோடு கண்ணாடி. சீறல். இந்த முறை கரண்டி மூன்று தடவை சுற்றியது, ஒவ்வொன்றுக்கும் இடையில் அதைத் தண்ணீரில் அலசும் ஓசையும் கேட்டது, நல்ல பிள்ளை. மூன்று குவளைகளும் வந்தன. நான் தட்டுகளை விலக்கி, சிறு மூச்சாக, இடது, நடு, வலது என்று முகர்ந்தேன், வாழைத்தார் தொங்கும் கடை வாசலை நினைத்துப் பார்த்தேன், வாழைப்பழத்தைப் பிசைந்து எழிலுக்கு ஊட்டிய அக்காவின் விரல்களை நினைத்துப் பார்த்தேன், நினைவு வந்தது, வாசனை வரவில்லை. குடித்தேன். மூன்றும் ஒரே சோம்பல், ஒரே கசப்பு, ஒரே இருட்டு. இந்த முறை அவள் மூச்சைக் கேட்காமலிருக்கக் கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு விதிப்படி ஊகித்தேன். "இடது" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் திறந்து அவள் மோவாயைப் பார்த்தேன். அது நடுங்கிற்று, கீழே வரப் பார்த்தது, வரவில்லை. அவள் கண்கள் என் நெற்றியை விட்டு இறங்கி என் கண்களுக்கு வந்தன.

"தப்பு சித்தி" என்றாள்.